மருந்தும் அபயமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் உணவு, மருந்து, நூல், அபயம் என நான்கு தானங்களை வகுத்தளித்தனர். இவற்றுள் மருந்துதானமும் அபயதானமும் ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. ஓருயிரின் நோய் தீர்க்க மற்றோருயிரின் வாழ்வை விலையாகத் தரலாமா என்னும் வினா எழும் இடமே அது. சீன நாட்டு மருத்துவத்தைச் சான்றாகக் கொண்டு இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

சீன மருத்துவம் இகழத்தக்கதன்று. பழஞ்சுவடி ஒன்றின் குறிப்பைத் துணைகொண்டு, மலேரியாவைத் தணிக்கும் ஆர்ட்டிமிசினின் மருந்தை ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த து யூயூ அம்மையார் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அம்மருத்துவத்தின் பொருள்களுள் பெரும்பாலானவை தாவரங்களே. ஆயினும் புலி எலும்பு, காண்டாமிருகக் கொம்பு, கரடிப் பித்தம், அழுங்கின் செதில், கஸ்தூரி ஆகியனவும் அதில் இடம்பெற்றன.

எறும்புத்தின்னி எனப்படும் அழுங்கு, எறும்பும் கறையானும் தின்று வாழும் எளிய உயிர். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். பகை கண்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். சிங்கத்தின் பல்லையும் தாங்கும் அக்கவசம் மனிதனிடம் பயன்படுவதில்லை. அவன் அதனை அப்படியே எடுத்துச் சாக்கிலிட்டுக் கொள்கிறான். மண்ணைத் துளைத்துச் செல்லும் உயிரின் செதில் உடலின் அடைப்பையும் நீக்கும், தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் என்பது நம்பிக்கை. அச்செதிலோ நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளே. பால் சுரப்பதற்கென்று செடி விதைகளும் அம்மருத்துவத்திலேயே உள்ளன.

சீன அரசு 1993இல் புலி எலும்பு, காண்டாமிருகக் கொம்பு ஆகியவற்றின் வணிகத்தைத் தடைசெய்தது. 2018இல் அத்தடையைத் தளர்த்த முற்பட்டு, எழுந்த எதிர்ப்பினால் சில வாரங்களிலேயே அதனை நிறுத்திவைத்தது. 2020இல் அழுங்குக்கு முதல்நிலைப் பாதுகாப்பு அளித்து, அரசின் மருந்துநூல் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. எனினும் சில கூட்டு மருந்துகளில் அது எஞ்சியே நின்றது.

ஓருயிருக்கு மாற்றாக இன்னோருயிரைக் காட்டியதும் உண்டு. காண்டாமிருகத்தைக் காக்க எண்ணிய ஆர்வலர் சிலர், 1990களின் தொடக்கத்தில் நடு ஆசியப் புல்வெளிகளில் வாழும் சைகா மானின் கொம்பைப் பரிந்துரைத்தனர். அன்று பத்து இலட்சத்தை எட்டியிருந்த அம்மான்கள், கொம்புக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தன.

இதற்கு மாற்றுக் குரல் சீனத்திலேயே எழுந்தது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருமருத்துவர் சுன் சிமியாவ், உயிரைக் கொன்று உயிரைக் காப்பது உயிரிலிருந்தே விலகிச் செல்வதாகும் என்னும் கருத்தினர். உயிருள்ளவற்றைத் தம் மருந்துகளில் சேர்ப்பதில்லை என்றும் எழுதினார். ஆனால், முன்னரே இறந்து சந்தைக்கு வந்த பூச்சி, அட்டை போன்றவற்றுக்கு விலக்கு அளித்தார்.

அவ்விடத்தில்தான் நம் அறம் இன்னும் ஓரடி முன்செல்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை வந்து பற்றும் என்பது நம் கொள்கை. வாங்குவோன் இருப்பதனால்தான் கொல்வோன் இருக்கிறான். சந்தையில் கிடக்கும் இறந்த உயிர், வாங்குவோனை எண்ணியே கொல்லப்பட்டது.

இதனைப் பிறர்க்கு உரைக்கும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. என் அன்னையார் நோயுற்றுக் கிடந்தபோது உறவினர் ஒருவர் கஸ்தூரி மாத்திரை கொணர்ந்து, தேனில் குழைத்துத் தரச் சொன்னார். தேன் நமக்கு ஆகாது என்று வெந்நீரில் குழைத்துக் கொடுத்தேன். தேனீயை எண்ணிய நான் மானை எண்ணவில்லை. கஸ்தூரி ஆண்மானிடம் மட்டுமே உண்டு. கண்ணியோ பெண்மானையும் குட்டியையும் சேர்த்தே கொல்கிறது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். அம்மாத்திரையில் இருந்தது மெய்யான கஸ்தூரிதானா என்றுகூட நான் கேட்கவில்லை. கேளாமையும் ஓர் உடன்பாடே அன்றோ?

வழி இல்லாமலில்லை. சீன அறிவியலாளர்களே செயற்கைக் கஸ்தூரியை உருவாக்கியுள்ளனர். கரடிப் பித்தத்தின் மருந்துக்கூறும் ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்படுகிறது. நம் மரபிலும் 9ஆம் நூற்றாண்டின் உக்கிராதித்தர், ஊனும் கள்ளும் தேனும் விலக்கிக் ‘கல்யாணகாரகம்’ என்னும் மருத்துவ நூலை இயற்றினார். சமணர் தந்த ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் பெயர் பெற்றது வேரும் பட்டையும் விதையும் சேர்ந்த மருந்துகளால்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாம் வாங்கும் மருந்தாயினும், மருந்துதானமாக வழங்குவதாயினும், இது எதிலிருந்து வந்தது, இதற்கு மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்போம். அவ்வாறு கேட்டு வழங்கும்போது, மருந்துதானம் அபயதானமாகவும் அமையும்.