தொழிற்சாலையைச் சோதிப்பது யார்?

(பங்கின் பொன்விழாவையொட்டி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று மாலை, பங்குத் தொழிலாளர் மன்றத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் இந்த மே முதல் நாளைத் தச்சுவேலை செய்த சூசையப்பருக்குரிய திருநாளாக ஏற்படுத்தினார். வேலையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் ஏது? எங்களுக்குத் தந்த தலைப்பு 'வாணிபத்தில் நேர்மை'. தலைப்பு பெரிது. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு தொழிற்சாலை தன் தொழிலாளியை நியாயமாக நடத்துகிறதா என்பதைக் கண்டுபிடிப்பது யார்? எப்படி?

'ஆடிட்' என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குத் தணிக்கையைச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பையருக்காக நடக்கிறதே, அந்த ஆடிட். எங்கள் மன்றத்தில் டெய்லரும் இருக்கிறார்கள், செக்கிங் பெண்களும் இருக்கிறார்கள், கைமடி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆடிட் நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். முந்தின நாளே தரையைக் கழுவுவார்கள். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வரும். மாஸ்க்கும் கையுறையும் கைக்கு வரும். மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர், "எட்டு மணி நேரந்தான் ஐயா" என்று சொல்லப் பாடம் படிப்பார். வருகைப் பதிவேட்டில் ஒன்று உள்ளதைச் சொல்லும், மற்றொன்று வந்தவருக்குக் காட்டுவதற்கு. எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தப் பங்கிலேயே நேர்மையாய்த் தொழில் நடத்தும் சிறு முதலாளிகள் உண்டு. அவர்கள் எங்கள்மேல் கோபப்பட வேண்டாம். அவர்கள் கஷ்டத்துக்கும் பின்னால் வருகிறோம்.

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கராச்சியில் நடந்தது சிரிப்புக்குரியதல்ல. 2012 செப்டம்பர் 11ஆம் நாள் அங்கே பால்டியா என்னும் பகுதியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன, சன்னல்களில் கம்பி. பணம் கேட்டு மிரட்டியவர்கள் வைத்த தீ என்று 2020இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கட்டும். தீ வைத்தவன் யாராயினும், கதவைப் பூட்டியவன் யார்? கேளுங்கள், அந்தத் தொழிற்சாலைக்கு 'எஸ்.ஏ.8000' என்னும் சர்வதேச நற்சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. தொழிலாளர் உரிமையும் பாதுகாப்பும் அங்கே செம்மையாய் உள்ளன என்பது அதன் பொருள்! வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாதென்று நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1948லேயே எழுதியது. ஒருவர் கையால் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும் சங்கதி அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது வேறெதற்கு?

ஏழு மாதம் கழிந்தது. 2013 ஏப்ரல் 23ஆம் நாள் வங்கதேசத்தில் டாக்காவுக்கு அடுத்த சாவார் என்னும் ஊரில், எட்டு மாடி கொண்ட ரானா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று. மறுநாள் காலை தையல் தொழிலாளரை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகத் தயங்கியவர்களுக்குச் சம்பளம் போய்விடும் என்ற பயம். கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் காயம் பட்டார்கள். அக்கட்டடத்திலிருந்த தொழிற்சாலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது எங்கள் பொறுப்பில் இல்லை என்று பின்னர் பதில் வந்தது. அடுத்த வாரமே, மே முதல் நாளன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தொழிலாளரின் மாதச் சம்பளம் வெறும் 38 யூரோ என்று படித்துத் திடுக்கிட்டதாகக் கூறி, அதை அடிமை வேலை என்றே பெயரிட்டார்.

ஏன் இப்படி ஆகிறது? சோதிக்க வருகிறவருக்குக் கூலி கொடுப்பது பெரும்பாலும் சோதிக்கப்படும் கம்பெனியே. வருவது ஓரிரு நாள். தொழிலாளியோடு பேசுவது கம்பெனி வளாகத்துக்குள்ளே, சூப்பர்வைசர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில். அறிக்கை பையருக்குப் போகும். தையல்காரி அதை ஒரு நாளும் பார்ப்பதில்லை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு பீஸுக்கு இவ்வளவுதான் விலை, இத்தனை நாளில் கப்பலேற வேண்டும் என்று அழுத்துகிற பையரே, அதே மாதம் 'ஓவர்டைம் ஏன்?' என்று கேட்கவும் ஆள் அனுப்புகிறார். நம் சிறு முதலாளிகள் எங்களிடம் வருத்தப்பட்டுக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

இதற்கு ஒரு பெயரைத் திருச்சபை முன்பே கொடுத்திருக்கிறது. தொழிலாளர் நிலை பற்றிப் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் திருமடல் எழுதினார். அதன் தொண்ணூறாம் ஆண்டான 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித வேலை பற்றி மற்றொரு திருமடல் விடுத்தார். சம்பளம் கொடுக்கும் முதலாளி ஒருவர். அந்தச் சம்பளமும் நிலைமைகளும் இப்படித்தான் அமையும் என்று தொலைவிலிருந்து தீர்மானிக்கிறவர்கள் 'மறைமுக முதலாளி', அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை மன்றம் வாணிபத்துக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது 2011இல்தான். முப்பது ஆண்டு இடைவெளி!

ரானா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதம் ஓர் உடன்படிக்கை பிறந்தது. அதில் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன, ஐரோப்பிய, அமெரிக்கக் கம்பெனிகளும் கையெழுத்திட்டன. மீறினால் வழக்குப் போடலாம். சோதனை செய்தவர்கள் கம்பெனி அமர்த்தாத பொறியாளர்கள். அறிக்கைகள் எல்லோரும் படிக்க வெளியாயின. ஆபத்தென்று கண்டால் உள்ளே நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு. ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பார்த்துக் கதவும் படிக்கட்டும் தூணும் திருத்தினார்கள். 2023 முதல் பாகிஸ்தானிலும் அது நடக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆடிட் பெரும்பாலும் தையல் கம்பெனி வாசலோடு நின்றுவிடும். நூல் வந்த ஸ்பின்னிங் மில்லை யார் பார்த்தார்கள்? 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் வைத்து, மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பேசி, கிராமத்துப் பெண்களை மில் விடுதியில் அடைத்தது நம் கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில்தானே. நடுவில் உடம்பு சரியில்லாமல் திரும்பியவளுக்கு அந்த மொத்தப் பணம் இல்லை. எங்கள் மன்றத்துப் பெண்களில் சிலர் அந்த விடுதியைக் கண்டவர்கள். அவர்கள் இன்று மேடைக்கு வரவில்லை. வற்புறுத்த எங்களுக்கும் மனம் வரவில்லை.

அதே திண்டுக்கல்லில், 2021 சனவரியில் ஒரு பெண் தொழிலாளி அவருடைய சூப்பர்வைசரால் கொலையுண்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் அந்த ஏற்றுமதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. துணி வாங்கும் மூன்று பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் தொல்லை, சாதி இழிவு எதுவாயினும் தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, கண்டதைச் சொன்னார்கள். சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது, நிறுவனம் தவறினால் ஆர்டர் குறையும் என்பது அந்த ஒப்பந்தம். அந்தப் பயம்தான் வேலை செய்தது என்பது எங்கள் எண்ணம். கோட்டு போட்டு வந்து போகிறவருக்கு ஒரு நாள் தெரியும். அவளுக்குத் தினமும் தெரியும்.

ஜெர்மனியில் இதற்கென்று தனிச் சட்டம் 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பும் 2024இல் ஒன்று செய்து, மறு வருடமே தவணையைத் தள்ளிப்போட்டது. அவர்கள் தள்ளிப்போடட்டும். நம்மால் ஆவதைத் தொடங்குவோம்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத் திண்ணையில் எங்கள் மன்றத்தார் நால்வர் உட்கார்ந்திருப்பார்கள். சம்பளச் சீட்டு, பி.எப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, எது கையிலிருக்கிறதோ அதை எடுத்து வாருங்கள். ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால், வெறுங்கையோடு வாருங்கள், அதையும் குறித்துக்கொள்கிறோம். பெயர் வெளியே போகாது. பெண்களோடு பேசக் கன்னியர் ஒருவரும் உடனிருப்பார். இந்த ஞாயிறு, காலை ஒன்பதரை மணிக்கு.