பொன்னின் தரம் அறிதல்



பொன் நகை வாங்குகிறவர்கள் எல்லாரும் அதன் எடையைக் கேட்கிறார்கள். அதன் தரத்தைக் கேட்பவர்கள் சிலரே. எடை வேறு, தரம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையைப் பற்றி உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பல்லாண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் பெற்றோர் பலர், சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய சங்கிலியைக் கல்லூரி திறக்கும் மாதத்தில் அடகுக்கு எடுத்துச் செல்வதைக் கண்டிருக்கிறேன். அத்தகைய குடும்பத்துக்கு நகைதான் வங்கி. அதன் தரம் குறைந்திருப்பின், பிள்ளையின் படிப்புக்கென வைத்திருந்த பொருளே குறைந்துபோகின்றது.

தூய பொன் மிக மென்மையானது. அதனால் செய்த நகை எளிதில் வளையும், தேயும். ஆகவே செம்பு, வெள்ளி முதலியவற்றைக் கலந்து அதற்கு உறுதி ஊட்டுகிறார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் இரும்போடு கரியை அளவாகச் சேர்த்து எஃகு ஆக்குவதும் இதே தத்துவந்தான். கலப்பு குற்றமன்று, கலப்பின் அளவை மறைப்பதே குற்றம்.

அந்த அளவைக் குறிப்பது காரட். முழுப் பொன்னை 24 பங்காகக் கொண்டால், 22 காரட் நகையில் 22 பங்கு பொன் உண்டு. ஆயிரத்துக்கு 916 என்பதும் அதுவே. 18 காரட் என்பது 750. 14 காரட் என்பது 585. இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 8 கிராம் கொண்ட ஒரு பவுன் நகை 22 காரட்டாயின், அதில் ஏறக்குறைய 7.33 கிராம் தூய பொன் இருக்கும். 18 காரட்டாயின் 6 கிராமே இருக்கும். தராசில் இரண்டும் ஒன்றே, மதிப்பில் 1.33 கிராம் வேறுபாடு. வைரம் பதிக்கும் நகைகளுக்கு, கல்லை இறுகப் பிடிக்கும் உறுதி கருதி, 18 காரட்டைப் பயன்படுத்துவது வழக்கம். அதை அறிந்து வாங்குவதில் தவறில்லை. 22 காரட் விலை கொடுத்து 18 காரட்டை வாங்குவதே இழப்பு.

நம் முன்னோர் தரத்தை 'மாற்று' என்று அளந்தனர். பத்தரை மாற்றுத் தங்கம் என்னும் வழக்கு இன்றும் நம் பேச்சில் வாழ்கின்றது. எடையிலும் அவர்கள் கருத்தாக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்த நகைகளைப் பட்டியலிடுகின்றன. அரக்கு, சரடு முதலியன உட்பட்ட எடை இது என்றும் குறித்து வைத்தார்கள். இன்று கல் பதித்த நகை வாங்கும்போது, கல்லின் எடையைக் கழித்துப் பொன்னின் எடையைத் தனியே எழுதித் தரும்படி நாமும் கேட்க வேண்டாமா?

சோதனை முறைகள் பல. பொற்கொல்லர் நகையை உரைகல்லில் உரைத்து, தரம் தெரிந்த ஆணியின் கோட்டோடு ஒப்பிட்டு, அமிலம் இட்டுப் பார்ப்பார். தொழிற்கூடங்களில் எக்ஸ் கதிர்க் கருவி, நகையைச் சிதைக்காமலே மேற்பரப்பின் கலவையைக் காட்டும். எனினும் உறுதியான முறை நெருப்புச் சோதனையே. சிறு துணுக்கை வெள்ளியோடு சேர்த்து, ஈயத்தகட்டில் சுற்றி, உலையில் உருக்குவர். ஈயமும் செம்பும் நுண்துளைக் கிண்ணத்தில் உறிஞ்சப்படும். எஞ்சிய மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். மிஞ்சுவது பொன், அதை நிறுத்துத் தரத்தைக் கணக்கிடுவர். பொன் நெருப்புக்கு அஞ்சாது என்பதன் பொருள் இதுதான்.

சட்டமும் இத்துறையில் பல மாறுதல்களைக் கண்டது. 1963இல் பொன் கட்டுப்பாட்டு விதிகளின்படி, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வது தடுக்கப்பட்டது. பொற்கொல்லர் குடும்பங்கள் பல பிழைப்பிழந்து வாடின. 1968இல் இயற்றிய பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஹால்மார்க் முத்திரை முறையைத் தொடங்கிற்று. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாயிற்று. இன்று முத்திரையிட்ட நகையில் மூன்று அடையாளங்களைக் காணலாம்: அமைவனத்தின் சின்னம், 22 காரட் 916 என்பது போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி. அக்குறியை அமைவனத்தின் கைபேசிச் செயலியில் இட்டால், நகையின் விவரத்தைச் சரிபார்க்கலாம். குறித்த தரத்துக்குக் குறைந்திருப்பது மெய்ப்பிக்கப்பட்டால், குறைவின் மதிப்பைப் போல் இருமடங்கு ஈடு பெற விதி இடந்தருகின்றது. 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இக்கட்டாயம் இல்லை. ஆகவே சிறு மூக்குத்தி வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

சில பெயர்களும் மயக்கந்தரும். 'கே.டி.எம்.' என்பது காட்மியம் கலந்த பற்றாசைக் குறித்த சொல். அது தரத்துக்குச் சான்றன்று. காட்மியத்தின் புகையோ தொழிலாளியின் நுரையீரலுக்கு நஞ்சு. 'ஒரு கிராம் தங்கம்' என விற்கும் நகையில் ஒரு கிராம் பொன் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அது முலாம் பூசியது. சிதம்பரம் கவரிங் நகையைக் கவரிங் என்றே சொல்லி விற்கிறார்கள். அணிந்து மகிழலாம், அடகு வைக்க இயலாது.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் நகை வாங்கும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். எடை, காரட், கல்லின் எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். தாய் தந்தையர் வியர்வை சிந்திச் சேர்த்ததைக் காப்பதற்கு, நீங்கள் கற்ற விழுக்காட்டுக் கணக்கே போதும்.