கல்வியும் பணியுறுதியும் சுருங்கும் குடும்பமும்

(விழா மேடையில் ஆற்றிய உரை)



2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியச் சமணர் ஏறத்தாழ 44.5 இலட்சம், தமிழகத்தில் 89 ஆயிரம். வடபுலத்திலிருந்து வந்து நகரங்களில் வணிகம் புரிவோரும் இதில் அடங்குவராதலின், செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளில் வேரூன்றிய நம் தொகை இதனினும் குறைவே. எழுத்தறிவில் எல்லாச் சமயத்தாரினும் முதலிடம் நமக்கு. ஆயின் 2001 முதல் 2011 வரை நாட்டு மக்கள்தொகை 17.7 விழுக்காடு பெருக, சமணர் பெருகியது 5.4 விழுக்காடே.

பெண்களைப் படிக்க வைத்ததன் விளைவு இது என்று சில பெரியோர் கூறக் கேட்டிருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், பள்ளி செல்லாப் பெண்டிர்க்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், பன்னிரண்டாண்டும் அதற்கு மேலும் பயின்றோர்க்கு 1.8. கல்விக்குப் பங்குண்டு என்பது உண்மையே. எனினும் பழியை அதன்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று.

ஒரே வீட்டில் பிறந்து ஒரே அளவு பயின்ற தமக்கையும் தங்கையும் நம்மிடையே உளர். தமக்கை அரசுப் பள்ளி ஆசிரியை. தங்கை பெங்களூரில் ஒப்பந்தப் பணியில் இருப்பவள். தமிழக அரசு 2021 சூலை முதல் பெண் ஊழியர்க்குப் பன்னிரண்டு திங்கள் மகப்பேற்று விடுப்பு அளிக்கிறது. தனியார் துறைக்கு 2017 சட்டத் திருத்தம் அதை 26 வாரமாக்கியது. ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என அஞ்சுபவளுக்கு அவ்வாரங்களால் என்ன பயன்? நிலையான வேலை வரட்டும் என்று திருமணம் முப்பதுக்குத் தள்ளுகிறது. வீட்டுக்கடன் குறையட்டும் என்று முதற்குழந்தை தள்ளுகிறது. இரண்டாவது, தள்ளித் தள்ளியே இல்லாமற் போகிறது. வேண்டாமென்று எவரும் முடிவெடுத்ததில்லை.

பணியுறுதி ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை. அரசு ஊழியர் இல்லங்களிலும் ஒற்றைக் குழந்தைகள் உண்டு. பள்ளிக் கட்டணத்தைக் கேட்டால் வியப்பு நீங்கும். கல்விப் போட்டி கடுமையான தென்கொரியாவில் 2023இல் இவ்விகிதம் 0.72 ஆகச் சரிந்தது.

பெரிய சமூகங்கள் இதைத் தாங்கும். நமக்கோ பெண் கொடுத்தலும் எடுத்தலும் சில ஊர்களுக்குள். ஒற்றை மகனுக்கும் ஒற்றை மகளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு அத்தையும் இல்லை, மாமனும் இல்லை. உறவுப் பெயர்களை நிகண்டில்தான் தேட வேண்டும். மேல்சித்தாமூர்த் தேர்வடம் பிடிக்கும் கைகளை எண்ணிப் பார்த்தோர்க்கு இது விளங்கும்.

திருவிழாவுக்கு வரும் இளந்தம்பதியரிடம், "விசேஷம் உண்டா?" என்று கேட்பதை முதலில் நிறுத்துவோம். "குழந்தை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வர்?" என்று கேட்போம், ஓய்வு பெற்ற நாம் ஆறு திங்கள் நகரில் சென்று தங்க ஒருப்படுவோம். அறக்கட்டளையின் கல்வி உதவியில், இரண்டாம் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கெனத் தனி நிதி ஒதுக்கலாம். பேறுகாலத்தில் வேலை இழந்த பெண்ணுக்கு மறுபணி தேடித் தரும் குழு ஒன்றும் தேவை. இவ்விரண்டையும் அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளை வேண்டுகிறேன்.