பாம்பன் பாசியும் எலியின் பாதமும்

மண்டபம், பாம்பன் கரையோரங்களில் மூங்கில் மிதவைகளைக் கட்டி, கயிறுகளில் ஒரு சிவப்புப் பாசியை வளர்க்கிறார்கள். கப்பாஃபைகஸ் என்று பெயர். 2000ஆம் ஆண்டை ஒட்டி வணிகப் பயிராகத் தொடங்கி, மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பலவற்றுக்குப் பிழைப்பானது. இதிலிருந்து கராகீனன் என்ற பொருளை எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகி ஓடாமல் இருப்பதற்கும், பற்பசை குழைவாக வருவதற்கும் இது உதவுகிறது. இதே கராகீனன் வகையைச் சேர்ந்த இன்னொரு பொருளுக்கு மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் வேறொரு வேலை இருக்கிறது. அதைக் கரைத்து எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் ஏற்றினால், சில மணி நேரத்தில் பாதம் சிவந்து வீங்கிவிடும். பிறகு சோதனைக்குரிய மருந்தைக் கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் வீக்கம் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். வின்டர் என்பவரும் கூட்டாளிகளும் 1962இல் வெளியிட்ட முறை இது. ‘இந்த மூலிகை அழற்சியைத் தணிக்கிறது’ என்று நாம் படிக்கிற செய்திகளில் மிகப் பலவற்றுக்குப் பின்னால் அந்த எலியின் பாதம்தான் இருக்கிறது.

பாசியிலிருந்து எடுத்த பொருள் பாதத்தில் ஏறினால் வீக்கம் வருகிறது, ஐஸ்கிரீமோடு வயிற்றுக்குள் போனால் அப்படிக் கால் வீங்குவதில்லை. பொருள் ஒரே வகைதான், போகிற வழி வேறு. வழி மாறினால் தீமை இவ்வளவு மாறுகிறது என்றால், நன்மையும் அப்படித்தானே மாறும்? நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிற பாதி இது. மன்னார் வளைகுடாவின் பழுப்புப் பாசிகளான கட்டைக்கோரை, பக்கோடா பாசி ஆகியவற்றில் ஃபுகோய்டன் என்ற பொருள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் செல்கள்மீது விட்டால் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அது குறைக்கிறது. ஆனால் அது மிகப் பெரிய மூலக்கூறு. குடற்சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் நுழைவது சொற்பமே. கண்ணாடித் தட்டில் செல்லைத் தொட்ட பொருள், முழங்கால் மூட்டைத் தொடும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது, இப்போது கொச்சியிலிருந்து இயங்குகிறது. மூட்டுவலிக்கென்று அது பாசியிலிருந்து ஒரு மருந்துணவை உருவாக்கியபோது, பாசியை அரைத்துப் பொட்டலம் கட்டவில்லை. வேண்டிய சத்தைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட அளவில் குளிகையில் அடைத்தது. கஞ்சிப்பாசியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பது நல்ல உணவு. அந்தக் குளிகையின் வேலையை அந்தக் கஞ்சி செய்துவிடும் என்பது வேறு பேச்சு.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: ஆஸ்பிரினே மரப்பட்டையிலிருந்துதானே வந்தது? வந்தது, மறுக்கவில்லை. வில்லோ மரப்பட்டையில் உள்ள பொருளின் தொடர்ச்சியாகத்தான் 1897இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்பிரின் உருவானது. உடலில் வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் உண்டாவதை அது தடுக்கிறது என்று 1971இல் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார், அதற்காக 1982இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் மரப்பட்டைக்கும் மாத்திரைக்கும் நடுவில் வேதிமாற்றம், அளவு, சோதனை என்று எத்தனை படிகள்! ராமநாதபுரம் முண்டு மிளகாயையே பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசினைக் களிம்பாகப் பூசினால் மூட்டுவலி குறைகிறது. வலி நரம்பில் அது எந்த வாங்கியைத் தொடுகிறது என்பதை டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டறிந்தார், 2021இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. அதற்காக மீன்குழம்பில் காரத்தைக் கூட்டினால் முழங்கால் வலி போய்விடும் என்று யாரும் சொல்வதில்லை. மிளகாயில் நமக்கு இருக்கிற இந்தத் தெளிவு மஞ்சளில் மட்டும் ஏனோ கலங்கிப்போகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் அனுபவத்தின் பக்கமிருந்து வருகிறது. முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பதும் ரசம் வைப்பதும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. முடக்கு அறுப்பது என்று பெயரிலேயே இருக்கிறதே? எந்தச் செடியைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்வதில் இந்த அனுபவத்துக்கு ஈடில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் சித்த மருத்துவமே செடியின் பெயரோடு நிற்பதில்லை. எதில் காய்ச்ச வேண்டும், அனுபானம் தேனா நெய்யா, எத்தனை நாள், என்ன பத்தியம் என்று கேட்கிறது. வழியும் அளவும் முக்கியம் என்பதை நம் வைத்தியர்கள் எலிகளின் துணையின்றியே அறிந்திருந்தார்கள். அதே கேள்வியை மனிதரிடம் அளந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சத்தும், மறுசாராருக்கு 1200 மில்லிகிராம் இபுபுரூஃபன் என்ற வலிநிவாரணியும் நான்கு வாரம் கொடுத்தார்கள். வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. வயிற்று உபாதை மஞ்சள் பக்கம் குறைவு. மகிழத்தக்க முடிவுதான். ஆனால் சமையல் மஞ்சளில் அந்தச் சத்தின் முக்கியப் பொருளான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். அந்த அளவைக் குழம்பிலேயே பெற வேண்டுமென்றால் ஒருவர் நாள்தோறும் 40–50 கிராம் போல மஞ்சள்தூள் சாப்பிட வேண்டியிருக்கும். குழம்பை யார் வாயில் வைப்பது?

மிளகு சேர்த்தால் மஞ்சள் உடம்பில் ஏறும் என்பார்கள். உண்மை. மிளகின் பைப்பரின் கூடவே போனால் குர்குமின் இரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியதை பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். ஈரல் அந்தப் பொருளைக் கழித்து அனுப்புவதைப் பைப்பரின் தாமதப்படுத்துவதால் கிடைக்கிற லாபம் அது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையும் கழியாமல் தங்கக்கூடும். 2019இல் இத்தாலியில் செறிவூட்டிய மஞ்சள் குளிகைகளை உண்டவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது. அழற்சியைத் தணிக்கச் சாப்பிட்டதில் அழற்சி! இயற்கைப் பொருள் என்ன செய்துவிடும் என்பவர்களுக்குக் கடலிலும் சான்று உண்டு. நம் கட்டைக்கோரையின் உறவான ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் ஆர்சனிக் மிகுதி என்பதால், அதை உண்ண வேண்டாம் என்று 2004இல் பிரிட்டன் உணவுத் துறை மக்களுக்குச் சொன்னது.

ஆகவே முடக்கத்தான் தோசையை நிறுத்த வேண்டியதில்லை, அது கீரை. ஆனால் கடைக்காரர் பாசிச் சத்து, மஞ்சள் சத்து என்று ஒரு புட்டியை நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு குளிகையில் எத்தனை மில்லிகிராம்? நான் ஏற்கெனவே சாப்பிடுகிற இரத்த அழுத்த மாத்திரையோடு, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையோடு இது சேருமா? வீக்கம் வடிந்தது என்று அட்டையில் போட்டிருக்கிறதே, யாருடைய காலில்?