வண்டிக்கும் ஒரு சிறுவாடு
(தாடிக்கொம்பில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக் கடனில் மாடு வாங்கிய காலம் போய், இன்று வாடகைக் கார் வாங்கவும் நம்மில் சிலர் துணிந்திருக்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். கார் வாங்கும்போது மட்டும் "எனக்கென்ன தெரியும்"னு ஒதுங்கி நிற்கலாமா? கடனைக் கட்டப்போறது நாமதானே!

இப்போது வரும் பல கார்களில் ஒரு வசதி இருக்கு. சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். கிளம்ப கிளட்சை மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் போகும். நாளைக்கு ஒரு மணி நேரம் அப்படிப் போனால் மாதம் 15 லிட்டர். தவணைக்கு வைத்த காசில் ஒரு பங்கு அதிலேயே கரைந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின் ஓடும்போதுதான் ஆல்டர்னேட்டர் கரண்ட் தரும். எஞ்சின் நின்றதும் லைட்டு, ஃபேன், பாட்டு எல்லாம் பேட்டரியில்தான் ஓடணும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் பாரமும் அதன் தலையில்தான்.

தோட்டத்தில் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு ஒரு நொடி மங்குதே, பார்த்திருப்பீங்க. அதே கதைதான் இங்கேயும். ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டரோ 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த நொடியில் 12 வோல்ட் 9, 10 என்று இறங்கிவிடும். பழைய வண்டியில் இது காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. புது வண்டியில் ஒரே பயணத்தில் இருபது தடவைகூட நடக்கும். வண்டிக்குள் இருக்கும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் இதைத் தாங்காது.

அதனால்தான் சில வண்டிகளில் துணைப் பேட்டரி ஒன்றை வைக்கிறார்கள். பெரிய பேட்டரி ஸ்டார்ட்டருக்கு உழைக்கும் நேரத்தில், சின்னது லைட்டையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காரர் சம்பளம் தீர்ந்த அன்று அடுப்பு எரிய வைக்கிறதே நம்ம சிறுவாட்டுக் காசு, அது மாதிரி!

நம் ரோட்டில் பார்க்கிற மாருதி எர்டிகா பெட்ரோல் வண்டியில் 2018-இல் இரண்டு பேட்டரி முறை வந்தது. ஒன்று வழக்கமான ஈய பேட்டரி, இன்னொன்று லித்தியம். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைக்கூட கரண்டாக்கிச் சேர்த்து வைக்கிறது அது. எல்லா வண்டியிலும் இரண்டு இருக்காது. சிலதில் இதற்கென்றே செய்த உறுதியான பேட்டரி ஒன்று மட்டும் இருக்கும்.

ஆகவே சகோதரிகளே, பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த வண்டியில் எத்தனை பேட்டரி? எங்கே இருக்கு?
2. ஒவ்வொன்றுக்கும் வாரண்டி எத்தனை வருஷம்?
3. மாற்றினால் ஒவ்வொன்றும் என்ன விலை?

விலையைக் கேட்டுவிட்டு, மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மாற்றும்போது "ஏஜிஎம்" அல்லது "ஈஎஃப்பி" என்று போட்டிருந்தால் அதே வகைதான் போடணும். மலிவு என்று சாதா பேட்டரி போட்டால் சீக்கிரமே படுத்துவிடும், செலவு இரட்டிப்பாகும்.

சிக்னலில் எஞ்சின் அணையவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். ஏசி அதிகம் ஓடினாலும், எஞ்சின் சூடேறாவிட்டாலும் அணையாது. பல நாள் தொடர்ந்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்தால், இரண்டு பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெரியதை மட்டும் பார்த்து "நல்லாத்தான் இருக்கு"னு அனுப்பினால் ஒத்துக்காதீங்க.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் உடைக்கக் கொடுக்காதீங்க. ஈயம் பிள்ளைகளுக்கு விஷம். பேட்டரிக் கடையிலேயே கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

வண்டி ஓட்டுவது யாராக இருந்தாலும், கணக்கு நம் கையில் இருக்கட்டும்.