முதல் கடை வேலைக்குப் போகும் பிள்ளைக்கு

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கும், தகப்பன்மார்களுக்கும், பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் என் வணக்கம். மழை வரும்போல இருக்கிறது. நேரத்தோடு முடித்துவிடுகிறேன்.

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அட்டனிலும், நுவரெலியாவிலும், பதுளையிலும், கொழும்பிலும் புடவைக் கடை, பாமசி, சுப்பர் மார்க்கட் என்று வேலை கேட்டுப் போகிறார்கள். "இன்ன நாள் நேர்முகத்துக்கு வா" என்று சொல்லிவிட்டால் லயத்தில் முதலில் என்ன நடக்கிறது? அம்மா காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைக்கப் போகிறார். அப்பா கடனுக்குப் புதுச் சட்டை எடுக்கிறார். வேலை கிடைக்கும் முன்னே கடன் வந்துவிடுகிறது. இது வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான். பத்தொன்பது வயதில் டவுனில் ஒரு புடவைக் கடைக்கு நேர்முகத்துக்குப் போனேன். காலில் சித்தப்பா மகனுடைய சப்பாத்து. எனக்கு அது பெரிது. முன்னால் கடதாசி திணித்திருந்தேன். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர் தம்பி?" தோட்டம் என்று சொல்ல எனக்கு வெட்கம். "டவுன்தான் முதலாளி" என்றேன். அவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். தோட்டத்துப் பேரும் டிவிசன் பேரும் அதில் அப்படியே இருந்தது. "தோட்டத்துப் பிள்ளைங்கிறது எனக்கு ஒரு குறை இல்ல. ஆனா இன்னிக்கு ஊரை மாத்திச் சொல்றவன், நாளைக்குக் காசுப் பெட்டிக் கணக்கையும் மாத்திச் சொல்ல மாட்டான்னு நான் எப்பிடி நம்புறது?" என்றார். சப்பாத்து டக்கு டக்கென்று அடிக்கப் படியிறங்கி வந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை.

தோட்டத்து விலாசத்தைக் கண்டதும் முகம் சுளிக்கிற கடைக்காரரும் இருக்கத்தான் செய்கிறார். இல்லையென்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்டவரை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லதுதானே? ஆகவே தம்பி, தங்கச்சி, ஊரைக் கேட்டால் தோட்டத்துப் பேரைச் சொல்லுங்கள். டிவிசனையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இனி உடுப்பு. தீபாவளிக்கு எடுத்த சட்டை பெட்டியில் இருக்கும். பூப்போட்டது, மினுக்குகிறது இல்லாமல் சாதாரண நிறமாக இருந்தால் அதுவே போதும். கறுப்பு அல்லது கடும் நீலக் களிசான், இடுப்புக்குப் பட்டி. பெண் பிள்ளைகளுக்குச் சல்வார் நல்லது. ஷோலைப் பின் குத்திக்கொள்ளுங்கள். தலைமயிரை இழுத்துப் பின்னுங்கள், எண்ணெய் வழியக் கூடாது. கண்ணாடி வளையலும் கொலுசும் வீட்டில் இருக்கட்டும். கடையில் நாள் முழுக்க நின்று, குனிந்து, ஏணியில் ஏறிச் சாமான் எடுக்க வேண்டும். "இந்த உடுப்போடு இந்தப் பிள்ளை வேலை செய்யுமா?" என்றுதான் பார்ப்பார்கள்.

நம் லயத்தில் ஒரு சங்கடம் உண்டு. மழைக் காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயப்போடுகிறோம். சட்டை காய்ந்துவிடும், புகை நாற்றம் போகாது. நமக்கு அது மூக்குக்குத் தெரியாது, பழகிவிட்டோம். புடவைக் கடைக்காரருக்கு உடனே தெரியும். நாலு நாளைக்கு முன்னமே துவைத்து, காற்றில் உலர்த்தி, அயன் பண்ணி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். வெளிக்கிடும்போது எடுத்தால் போதும். சப்பாத்தை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டில் இறங்காதீர்கள். பஸ் வரும் இடம் வரைக்கும் செருப்பு. அங்கே காலைக் கழுவித் துடைத்து, அட்டை ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு சப்பாத்து.

கொழுந்து எடுக்கப் போகும் பிள்ளைகளின் விரலில் கறை இருக்கும். எலுமிச்சந்தோலால் தேய்த்தால் கொஞ்சம் போகும். போகாத கறைக்காக மேசைக்குக் கீழே கையை ஒளிக்க வேண்டாம். கேட்டால், "லீவு நாளில் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போவேன்" என்று சொல்லுங்கள். வேலை செய்து பழகின கை என்பது கடைக்காரருக்கு விளங்கும். நகத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். தம்பிமாரே, பாபுல் போடுகிற வாயோடு போகவே வேண்டாம்.

பத்திரங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிறப்புப் பத்திரத்தில் முத்துலெட்சுமி, பள்ளிக்கூடச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. தகப்பன் பேரும் இடத்துக்கு இடம் மாறும். யாரோ எழுதினது, நாம் வாசித்துப் பார்க்காமல் வாங்கி வைத்தது. இதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும், ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. ஆகவே இன்று ராத்திரியே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராம சேவகரிடம் நற்சான்றும் எடுத்து வையுங்கள். நேர்முகத்தில் மூலப் பத்திரத்தைக் காட்டலாம், கொடுப்பது போட்டோ கொப்பியாக இருக்கட்டும். "அடையாள அட்டை என்கிட்டயே இருக்கட்டும்" என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். வேலை எடுத்துத் தருகிறேன் என்று முன்காசு கேட்கும் புரோக்கருக்கும் இதே பதில்தான்.

உள்ளே போனதும் என்ன செய்வது? நம் ஆட்கள் தோட்டத்து ஆபீஸில் வெளியே நின்று, ஜன்னல் வழியாகப் பேசிப் பழகினவர்கள். அந்தப் பழக்கம் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கிறது. "இரு" என்று சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இருக்கச் சொன்னால் இருங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அப்பாமாருக்கு ஒரு வார்த்தை: வாசல் வரைக்கும் போங்கள், உள்ளே போய்ப் பிள்ளைக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பெயரைக்கூட அப்பாவே சொல்லிவிட்டால் பிள்ளை எப்படி வாடிக்கையாளரோடு பேசும்?

கணக்குக் கேட்பார்கள். 1,340 ரூபாவுக்குச் சாமான், 2,000 ரூபா தருகிறார், மிச்சம் எவ்வளவு? கிலோ 240 ரூபா என்றால் 350 கிராம் எவ்வளவு? (பின்னாலிருந்து ஒரு தங்கச்சி "84" என்றார்.) பாருங்கள், போனைத் தொடாமலே சொல்லிவிட்டாள்! சிங்களமும் கேட்பார்கள். "ஒயாகே நம மொகக்த", "கொஹெத இன்னே" என்றால் விழிக்கக் கூடாது. "மொனவத ஓனே", "கீயத", "இதுரு சல்லி" இவ்வளவும் கடைக்குத் தினமும் வேண்டியவை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல், "கொஞ்சம் தெரியும், பழகிக்கொள்வேன்" என்று சொன்னால் அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வேலை தருகிறோம் என்று சொன்னால் சந்தோஷத்தில் எழும்பி ஓடிவராதீர்கள். மரியாதையாகக் கேட்க வேண்டியது சில உண்டு. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது எழுத்தில் கடிதம் தர வேண்டும் என்றும், நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றும் அதில் உள்ளது. அதற்கு மேல் செய்தால் மேலதிகக் கொடுப்பனவு. சேமலாப நிதி தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல, கடைக்கும் உண்டு. 40,000 ரூபா சம்பளம் என்றால் பிள்ளையிடம் 8 வீதம், அதாவது 3,200 ரூபா வெட்டுவார்கள். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம், 4,800 ரூபா போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அதுவும் முதலாளியுடைய காசு. "சேர், நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும்? சேமலாப நிதி இருக்கிறதா?" இந்த இரண்டு கேள்வியையும் வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். வாய் குழறாமல் வரும்.

கொழும்பில் வேலை என்றால் தங்குமிடம் எங்கே, எத்தனை பேர், சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் வெட்டுவார்களா என்று தாய் தகப்பன் விசாரிக்கலாம். அதில் தப்பே இல்லை. ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் இதே மடுவத்தில் ஒரு மேசை போட்டு நான் முதலாளியாக இருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து பேசிப் பார்க்கட்டும். பத்திரங்களையும் எடுத்து வாருங்கள், பேர் பிழை இருந்தால் அங்கேயே பார்ப்போம். என்னிடம் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து இருக்கிறது, 7ஆம் இலக்கம். காலுக்குச் சரியாக இருக்கிற தம்பி, நேர்முக நாளைச் சொல்லி வாங்கிப் போகலாம். பெரிதாக இருந்தால் மட்டும் தரமாட்டேன்.