எருசலேமை நோக்கிய பலகணி



ஊரில் இருந்த காலத்தில் எங்களை ஜெபத்திற்கு அழைத்தது கோயில் மணி. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவச் சிற்றூர்களில் பிறந்தவர்கள் அவ்வோசையை அறிவார்கள். அந்தியில் மணி ஒலித்ததும் வீடுதோறும் பாய் விரிப்பார்கள். பக்தியுள்ளவரும் முழங்காற்படியிட்டனர், சோம்பலுள்ளவரும் முழங்காற்படியிட்டனர். ஊரே எங்களைத் தாங்கி நின்றது என்பதை ஊரை விட்டு வந்த பின்னரே உணர்ந்தோம்.

உத்தியோகத்தின் பொருட்டு வடநாடு வந்த முதலாண்டில் எங்கள் இல்லத்தில் குடும்ப ஜெபம் நின்றுபோயிற்று. நிறுத்த வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. தொழிற்சாலையில் வேலைமுறை வாரந்தோறும் மாறிற்று. தமிழ் ஆராதனையோ மாதத்திற்கு ஒருமுறைதான். நாளைக்கு ஆகட்டும் என்றோம், நாட்கள் மாதங்களாயின. ஆண்டிறுதியில் ஊரிலிருந்து வந்த பாட்டியார், ஆறு வயதுப் பேரனை அருகில் அமர்த்திப் பரமண்டல ஜெபத்தைச் சொல்லும்படி கேட்டார். பிள்ளை விழித்தான். பாட்டியார் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. தாமே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அன்று நாங்கள் அடைந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

அந்நிய மண்ணில் விசுவாசத்தைக் காத்தவர் என்றதும் நினைவுக்கு வருபவர் தானியேல். சிங்கக் கெபியின் வரலாற்றை யாவரும் அறிவர். அதற்கு முந்திய செய்தியை நாம் கருதுவோம். பாபிலோனில் அவருக்குத் தேவாலயம் இல்லை. எருசலேமுக்கு நேராகத் திறந்த பலகணியருகே அவர் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்து வந்தார். அரசனின் தடை பிறந்த நாளிலும் அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. வழக்கமாகச் செய்ததையே செய்தார். சோதனை வந்த பிறகு பழக்கத்தைத் தேட இயலாது. அது முன்னரே அமைந்திருக்க வேண்டும். ஆதித் திருச்சபையும் இதனை அறிந்திருந்தது. டிடாகே என்னும் பழைய கிரேக்கச் சிறுநூல், ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லப் பணிக்கிறது.

ஆயின், பகல் வேலை ஒரு வாரம், இரவு வேலை ஒரு வாரம் என்றிருப்பவர் எவ்வாறு நேரங்குறிப்பது? நாங்கள் கண்ட வழி எளியது. ஜெபத்தைக் கடிகாரத்தோடு பிணைக்காமல் அன்றாடச் செயலோடு பிணைத்தோம். எந்த வேளையில் எழுந்தாலும் காப்பிக்கு முன் ஜெபம். எந்த வேளையில் புறப்பட்டாலும் வாசற்படி தாண்டுமுன் ஜெபம். வேலைமுறை மாறினாலும் காப்பியும் வாசற்படியும் மாறுவதில்லை.

இரண்டாவது, வேத வாசிப்பு. இந்திய மொழிகளுள் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு அச்சேறியது தமிழில்தான். தரங்கம்பாடியில், 1715ஆம் ஆண்டில். அச்செல்வத்தை நம் பிள்ளைகள் இழக்கலாமா? இரவு உணவுக்குப் பின் பத்து வசனங்களைப் பிள்ளையே உரக்கப் படிக்கட்டும். எங்கள் மகன் தமிழ் எழுத்துக்கூட்டக் கற்றது இவ்வாறுதான்.

மூன்றாவது, உறங்குமுன் தன்னாய்வு. 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த முறையில் முதற்படி குற்றங்களை எண்ணுவதன்று. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவதே. பின்னரே அந்நாளின் சொல்லையும் செயலையும் நினைவுகூர்ந்து, மன்னிப்பு வேண்டி, மறுநாளுக்கு உறுதி கொள்வது.

நான்காவது, கைப்பிடி அரிசி. உலையிலிடுமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கென எடுத்துவைக்கும் இவ்வழக்கம் நம் தாய்மாருடையது. தொலைவிலுள்ள மிசோரம் மலைநாட்டுத் திருச்சபையினரும் இதையே நெடுங்காலமாகக் கைக்கொண்டு, திரளும் அரிசியை விற்று ஊழியங்களைத் தாங்குகின்றனர். ஒரு பிடி சிறிது. ஆனால் அடுப்படியையே அது காணிக்கைப் பீடமாக்குகிறது.

இறுதியாக ஒன்று. பாபிலோனிலிருந்த சிறைப்பட்டோருக்கு எழுதிய மடலில் எரேமியா, தாங்கள் குடியிருக்கும் நகரத்தின் நலத்திற்காக ஜெபிக்கும்படி கூறினார். தானியேலின் பகைவரும் அவருடைய அலுவலில் குற்றம் காண இயலவில்லை. எனவே நம் பலகணி ஊரை நோக்கி மட்டும் திறந்திருந்தால் போதாது. அடுத்த வீட்டாரை நோக்கியும் திறந்திருக்க வேண்டும். அவர் மொழி வேறாயிருக்கலாம், மதம் வேறாயிருக்கலாம். நாள்தோறும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பவர், காலையில் அவரிடம் முகங்கோணிப் பேசமாட்டார்.

இப்போது எங்கள் இல்லத்தில் மணி இல்லை. உணவு முடிந்ததும் பாய் விரிப்பவன் அந்தப் பிள்ளையே. நாங்கள் மறந்தாலும் அவன் மறப்பதில்லை.